வாசகர் கேள்வி: கற்காலத்துக் கற்பனை ஊரில் என்ன கறி?

சென்ற இதழில் ஒரு வாசகியின் கடிதத்தை வெளியிட்டிருந்தோம். அவர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். 12,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம்தான் கதை, முழுக்க அவருடைய கற்பனை. கல்லால் கட்டிய மண்டபம் உண்டு, தலைவி உண்டு, திருவிழா உண்டு. ஆனால் உழவு கிடையாது, ஆடு மாடு வளர்ப்பும் கிடையாது. "500 பேர் குடியிருக்கும் ஊர், இவர்கள் என்னென்ன காட்டுக்கறி தின்றிருப்பார்கள்?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு மற்றவர்களும் ஆளுக்கொரு கேள்வி அனுப்பிவிட்டார்கள், அதில் பாதிப் பேருக்கு நாவலைவிடக் கறியில்தான் அக்கறை. முதலில் நாவலாசிரியைக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் ஊர் மக்களின் முக்கியமான கறி எதுவாக இருந்தால் நம்பும்படி இருக்கும்? யானை, காட்டெருமை, மான் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் ஒரு தைரியம் சொல்கிறேன். உழவு தெரியாதவர்கள் கல்மண்டபம் கட்டுவார்களா என்று யாராவது உங்களை மடக்கினால், துருக்கியின் தென்கிழக்கில் உள்ள கோபெக்லி தெபேயைக் காட்டுங்கள். கி.மு. 9500 வாக்கில் தொடங்கிய இடம், ஐந்தரை மீட்டர் உயரம் வரை கல்தூண்கள், ஆனால் தோண்டியெடுத்த எலும்புகளில் வளர்ப்பு ஆடும் இல்லை, வளர்ப்பு மாடும் இல்லை, எல்லாம் காட்டில் திரிந்தவை. எண்ணிக்கையில் அதிகம் கெசல் என்கிற சிறு மான். கறியின் எடையைப் பார்த்தால் அரோக்ஸ் முந்திவிடும். இன்றைய மாடுகளுக்கெல்லாம் மூதாதையான காட்டு மாடு அது, காளை தோள் உயரமே 1.8 மீட்டர் வரை இருக்கும், கடைசி அரோக்ஸ் 1627-இல் போலந்தில் செத்தது. இவை போக காட்டுக்கழுதை, காட்டுப்பன்றி, செம்மான், காட்டுச் செம்மறி எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. ஆக, உங்கள் பட்டியலில் மான் சரி, மாட்டினம் சரி, யானையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 500 பேருக்கு ஆளுக்கு அரைக் கிலோ கறி என்றால் நாளுக்கு 250 கிலோ. ஒரு கெசல் உயிரோடு 20, 25 கிலோ இருக்கும், கறியாக 12 கிலோ தேறினால் அதிகம். அப்படியானால் தினமும் 20 கெசல், வருஷத்துக்கு 7,000-க்கு மேல்! அரோக்ஸ் அடித்தாலும் ஏறக்குறைய தினம் ஒன்று வேண்டும். ஒரே இடத்தில் நிலையாக இருக்கிற ஊரைச் சுற்றி அவ்வளவு விலங்கு வருஷம் முழுக்க நிற்காது, அடிக்க அடிக்க மிச்சமுள்ளவை தூரமாகப் போய்விடும். கோபெக்லி தெபேயிலும் கெசல் கூட்டம் நடுக்கோடையிலிருந்து இலையுதிர்காலம் வரைதான் அந்தப் பக்கம் வந்துபோயிருக்கிறது, அதே இடத்தில் காட்டுத் தானியம் அரைத்த கற்களும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. வேட்டைக்கறியை மட்டும் வைத்து ஒரு ஊரை நடத்த முடியாது என்பதுதான் விஷயம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விலங்குப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு அட்டவணை எழுதுவேன்: எந்த மாதம் எந்த மந்தை வரும், அது கொழுத்திருக்குமா மெலிந்திருக்குமா, வராத மாதத்தில் சேமிப்பு எவ்வளவு, மீன் எப்போது, கொட்டை உதிர்வது எப்போது. தலைவியின் அதிகாரமும் அந்தச் சேமிப்பைச் சுற்றித்தான் இருக்கும், மாளிகையைச் சுற்றி இருக்காது.

இன்னொரு உதாரணம், கொஞ்சம் பிந்தைய காலத்தது. ஜப்பானின் வடக்கே சன்னாய் மருயாமா என்று ஒரு பெரிய ஊர், சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,700 ஆண்டுகள்போல் நீடித்தது. அங்கே கிடைத்த எலும்புகளில் மானும் பன்றியும் குறைவு, முயலும் பறக்கும் அணிலும்தான் அதிகம். பெரிய ஊர் என்றால் பெரிய விலங்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் ஊர் பெரிதாகப் பெரிதாகப் பக்கத்தில் பெரிய விலங்கு மிஞ்சாமல் போவதும் உண்டு. உங்கள் கதாநாயகன் பறக்கும் அணில் பிடிக்கப் போவதாக எழுதினால் கம்பீரம் குறையுமோ என்னவோ, நம்பகத்தன்மை கூடும்.

கேள்வி: கொழுப்பில்லாத சுத்தமான காட்டுக்கறியை மட்டும் தின்றதால்தானே ஆதிமனிதர்கள் கட்டுமஸ்தாக இருந்தார்கள்?

பதில்: நேர் எதிர். காட்டுக்கறியில் இருக்கிற தொல்லையே கொழுப்பு போதாது என்பதுதான். மான் தொடைக்கறியில் 100 கிராமுக்குப் புரதம் 22 கிராம் போல இருக்கும், கொழுப்பு இரண்டு மூன்று கிராம்தான். புரதத்தை உடைத்துக் கழிவை யூரியாவாக மாற்றி வெளியே தள்ளுவது ஈரலின் வேலை, அதற்கு ஒரு எல்லை உண்டு. சாப்பாட்டில் கிடைக்கிற மொத்த ஆற்றலில் சுமார் 35 சதவீதத்துக்கு மேல் புரதத்திலிருந்தே வந்தால் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, சோர்வு எல்லாம் வரும், கூடவே எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. நாளுக்கு 2,500 கலோரி வேண்டிய ஒருவருக்குக் கணக்குப் போட்டால், கொழுப்பில்லாத கறி ஒரு கிலோதான் உச்சவரம்பு. அந்த ஒரு கிலோவில் 1,100 கலோரி போலத்தான் கிடைக்கும். மீதி கொழுப்பிலிருந்தோ கிழங்கு, கொட்டை, தானியத்திலிருந்தோ வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வயிறு நிறையக் கறி இருந்தும் ஆள் மெலிவான்.

வட அமெரிக்கக் காடுகளில் குளிர்காலத்தில் முயல் மட்டுமே கிடைத்தவர்களுக்கு இப்படி ஆனதால் இதை முயல் பட்டினி என்றே சொல்வார்கள். வடதுருவப் பயணி வில்யால்மூர் ஸ்டெஃபான்சன் 1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் கறி மட்டும் தின்று காட்டும் சோதனைக்கு உடன்பட்டார். தொடக்கத்தில் மருத்துவர்கள் அவருக்குக் கொழுப்பு நீக்கிய கறியைக் கொடுத்தார்கள், மூன்றாம் நாளே வயிறு கலங்கிவிட்டது, கொழுப்பைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கிடைத்த, 5,300 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஓட்சி என்ற மனிதனின் இரைப்பையைத் திறந்து பார்த்தபோதும் மலையாட்டுக் கொழுப்பு தாராளமாக இருந்தது, கூடவே செம்மான் கறியும் கொஞ்சம் கோதுமையும்.

அதனால் அனுபவசாலியான வேட்டைக்காரன் விலங்கைப் பார்த்ததும் அது ஆணா பெண்ணா, இது எந்த மாதம் என்றுதான் கணக்குப் போடுவான். இணைசேரும் பருவத்துக்கு முன்னால் ஆண் கொழுத்திருக்கும், பருவம் முடிந்ததும் எலும்பும் தோலுமாகிவிடும், கறியிலும் வீச்சம் அடிக்கும். அப்போது பெண் விலங்குதான் மேல். குளிர்கால முடிவில் எல்லாமே மெலிந்துவிடும். அந்த நாட்களில் விலங்கின் உடம்பில் முதுகுக் கொழுப்பு முதலில் கரையும், அப்புறம் குடலைச் சுற்றிய கொழுப்பு, கடைசியாகத்தான் கால் எலும்பின் மஜ்ஜை. எலும்பை உடைத்து மஜ்ஜையை உறிஞ்சுவது பழங்கால வாழிடங்கள் பலவற்றிலும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: டைனோசர் கறி?

பதில்: டைனோசர்கள் ஒழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன, நம் இனம் தோன்றி 3 லட்சம் ஆண்டுதான். ஆனால் பறவைகள் டைனோசர் வழி வந்தவை, எனவே உங்கள் ஊரில் யாராவது கௌதாரி சுட்டுத் தின்றால் கணக்கு நேர்.

கேள்வி: யானையை ஏன் ஓரமாக வைக்கச் சொன்னீர்கள்? ஒரு மாமூத்தை, அதாவது அந்தக் கால உரோம யானையை, அடித்தால் ஊருக்கே போதுமே! (இது இரண்டு மூன்று பேர் கேட்டது.)

பதில்: போதும். அதுதான் பிரச்சினையே. ஜெர்மனியின் நொய்மார்க் நோர்ட் என்ற இடத்தில் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால்கள் என்ற, இன்று ஒழிந்துபோன மனித இனத்தார் நேர்த்தந்த யானைகளை வேட்டையாடி வெட்டியிருக்கிறார்கள். 70-க்கு மேற்பட்ட யானைகளின் எலும்புகளில் வெட்டுத் தடங்கள் இருப்பதை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரிய ஆண் யானை 13 டன் வரை இருக்கும், மாமூத்தைப்போல் இரண்டு மடங்கு. 10 டன் யானை ஒன்றில் ஒரு ஆளுக்கு 4,000 கலோரி வீதம் குறைந்தது 2,500 ஆள்-நாள் சாப்பாடு தேறும் என்று அதே ஆய்வு சொல்கிறது, 25 பேர் உட்கார்ந்து வெட்டினாலும் மூன்றிலிருந்து ஐந்து நாள் வேலை. உங்கள் 500 பேர் ஊருக்கு அது ஐந்து நாள் சாப்பாடு. சிறு கூட்டமாகச் சுற்றுகிறவர்கள் என்றால் மூன்று மாதம் வரும், அதற்குள் அழுகாமல் இருக்க வேண்டுமே.

யானையினம் பெருகுவதும் மெதுவாகத்தான், 22 மாதம் சுமந்து ஒரே குட்டி. உங்கள் காலத்தில், அதாவது 12,000 ஆண்டுகளுக்கு முன், மாமூத்துகள் பெரும்பாலான இடங்களில் குறைந்துகொண்டே வந்தன. ரஷ்யாவின் வடக்கே ராங்கல் தீவில் மட்டும் ஒரு சிறு கூட்டம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை தாக்குப்பிடித்தது, எகிப்தில் பிரமிடு கட்டி முடித்த பிறகும் அங்கே மாமூத் இருந்தது என்றால் பாருங்கள். நாவலில் ஒரே ஒரு யானை வேட்டை வைத்துக்கொள்ளுங்கள், கிழவர்கள் வாயால் கதையாகச் சொல்லட்டும்.

கேள்வி: உப்பு இல்லாமல், குளிர்பதனப் பெட்டி இல்லாமல் அவ்வளவு கறியை எப்படி வைத்திருந்தார்கள்? இரண்டே நாளில் நாறிவிடாதா?

பதில்: இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. பச்சைக் கறியில் முக்கால்வாசி தண்ணீர். மெல்லிய பட்டைகளாக அறுத்துக் காற்றிலும் வெயிலிலும் புகையிலும் காயவைத்தால் 10 கிலோ மூன்று கிலோவுக்கும் கீழே வந்துவிடும், கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காது, தூக்கிப் போவதும் எளிது. ஆனால் கொழுப்புள்ள கறியைக் காயவைத்தால் காறிப்போகும். அதனால் கொழுப்பைத் தனியாக எடுத்து உருக்கி வைக்க வேண்டும், அப்புறம் இரண்டையும் சேர்க்கலாம். வட அமெரிக்கச் சமவெளி மக்கள் செய்த பெமிக்கன் இதுதான்: காய்ந்த காட்டெருமைக் கறியை இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பை ஊற்றிப் பிசைந்து, கிடைத்தால் காட்டுப்பழமும் சேர்த்து, தோல் பையில் திணித்துத் தைத்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் கெடாது. புரதமும் கொழுப்பும் ஒரே பையில், முயல் பட்டினிக்கும் மருந்தாயிற்று.

கொழுப்பு எடுக்கிற வேலை எவ்வளவு பழையது என்பதற்கு அதே நொய்மார்க் நோர்ட்டில் இன்னொரு சான்று 2025-இல் வெளிவந்தது. ஏரிக்கரை ஓரமாகக் குறைந்தது 172 பெரிய விலங்குகளின் எலும்புகளைக் கொண்டுவந்து சின்னச் சின்னத் துண்டாக நொறுக்கி, தண்ணீரில் காய்ச்சிக் கொழுப்பு வடித்திருக்கிறார்கள், அதுவும் நியாண்டர்தால்கள். மஜ்ஜையை மட்டும் உறிஞ்சிவிட்டு எறிந்திருந்தால் எலும்பை அவ்வளவு பொடியாக உடைக்கத் தேவையே இல்லை. இஸ்ரேலின் கெசெம் குகையில் இதைவிடப் பழைய வித்தை ஒன்று: மான் கால் எலும்பைத் தோலோடு அப்படியே எடுத்துவைத்து, வாரங்கள் கழித்து உரித்து உடைத்துத் தின்றிருக்கிறார்கள், காய்ந்த தோலை உரிக்கும்போது விழும் கீறல் தனி மாதிரியாக இருப்பதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது வாரம் வரை மஜ்ஜை தின்னும்படி இருக்கும் என்று சோதித்தும் பார்த்தார்கள். சேமிப்பு என்பது தானியத்தோடு வந்த பழக்கம் என்று பள்ளியில் படித்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குளிர்ப்பிரதேசம் என்றால் தண்ணீரும் உதவும். அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் டேனியல் ஃபிஷர் ஒரு குதிரைக் கறியைக் குளிர்ந்த குளத்தில் அமிழ்த்திவைத்து மாதக்கணக்கில் எடுத்துத் தின்று பார்த்தார். தயிரைப் புளிக்க வைக்கிற வகைக் கிருமிகள் வேறு கெட்ட கிருமிகளை வளரவிடவில்லை. வீச்சம் அடித்ததாம், சுடும்போது குறைந்துவிட்டதாம். (நீங்கள் முயல வேண்டாம்.)

கேள்வி: உப்பே இல்லாமல் எப்படித் தின்றார்கள்?

பதில்: கறியிலும் ரத்தத்திலும் சோடியம் இருக்கிறது. கறி நிறையத் தின்கிறவர்களுக்குத் தனி உப்பு பெரிதாகத் தேவைப்படாது. தானியமும் கிழங்கும் முக்கியச் சாப்பாடாகும்போதுதான் உப்பைத் தேடி ஓட வேண்டும். உங்கள் கதையில் உப்பு வியாபாரி வருகிறார் என்றால் ஊர் மெல்லத் தானியத்துக்கு மாறுகிறது என்று அர்த்தம், அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மண்டபச் சுவரில் அவர்கள் தின்கிற விலங்குகளைத்தானே வரைந்திருப்பார்கள்? என் அத்தியாயம் ஒன்று அந்தச் சித்திரங்களோடுதான் தொடங்குகிறது.

பதில்: அப்படி எழுதினால் எளிதாக இருக்கும், ஆனால் சான்று வேறு பக்கம் இழுக்கிறது. பிரான்சின் லாஸ்கோ குகையில், 17,000 ஆண்டுப் பழமை, குதிரையும் காட்டு மாடும் செம்மானும் சுவரெங்கும் ஓடுகின்றன. அங்கே கிடைத்த சாப்பாட்டு எலும்புகளோ பெரும்பாலும் ரெயின்டீர் மானுடையவை. நூற்றுக்கணக்கான ஓவியங்களில் அந்த மான் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று! கோபெக்லி தெபேயின் தூண்களிலும் பாம்பு, நரி, தேள், பிணந்தின்னிக் கழுகு எல்லாம் ஆர்ப்பாட்டமாக நிற்கின்றன, பாவம் தினமும் வயிற்றை நிரப்பிய கெசலுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. பயந்ததையும் வியந்ததையும் செதுக்கினார்கள், தின்றதைத் தின்றார்கள், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் சுவரில் சிங்கமும் பாம்பும் இருக்கட்டும், குப்பைமேட்டில் மான் எலும்பு இருக்கட்டும். எதிரி ஊர்க்காரன் ஒருவன் அந்த இரண்டையும் பார்த்துக் குழம்புகிற மாதிரி ஒரு காட்சி வைத்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

கேள்வி: ஈட்டி மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மந்தையையே பிடிக்க முடியுமா?

பதில்: ஈட்டி கடைசியில்தான் வரும், முதலில் சுவர். ஜோர்டான், சிரியா, சவுதி அரேபியப் பாலைகளில் தரையோடு தரையாகக் கிடக்கும் நீண்ட கற்சுவர்களை 1920-களில் விமானிகள் மேலிருந்து பார்த்துப் பட்டம் என்று பெயர் வைத்தார்கள், உருவம் அப்படி. இரண்டு சுவர்கள் கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கும், போகப்போகக் குறுகும், கடைசியில் ஒரு அடைப்பு, அதன் ஓரங்களில் ஆழக்குழிகள். வலசை போகும் கெசல் மந்தை அதற்குள் ஒதுங்கினால் முடிந்தது. ஜோர்டானில் சிலவற்றுக்கு 9,000 ஆண்டுப் பழமை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஹெட் ஸ்மாஷ்டு இன் என்ற பாறைவிளிம்பில் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளாகக் காட்டெருமைகளை விரட்டி விழவைத்திருக்கிறார்கள், அடியில் எலும்பு மேடு 10 மீட்டர் ஆழத்துக்குக் குவிந்திருக்கிறது.

வீண் போகாதா என்றால், போகும். அமெரிக்காவின் கொலராடோவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுகிய ஓடையில் ஏறத்தாழ 190 காட்டெருமைகளை விழவைத்த இடம் இருக்கிறது. மேலே கிடந்தவற்றை ஒழுங்காகக் கூறுபோட்டிருக்கிறார்கள், அடியில் நசுங்கிக் கிடந்தவற்றைத் தொடவே இல்லை. ஆதிமனிதன் இயற்கையில் ஒரு துளியும் வீணாக்கவில்லை என்று எழுதப் போகிறீர்களானால் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

கேள்வி: நாய் உண்டா?

பதில்: தாராளமாக. ஜெர்மனியின் பான் நகரத்தை ஒட்டி 14,000 ஆண்டுப் பழைய கல்லறையில் இரண்டு மனிதர்களோடு ஒரு நாய்க்குட்டியும் இருந்தது, அது நோயில் கிடந்தபோது யாரோ வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பற்கள் சொல்கின்றன.

கேள்வி: பானை இல்லாமல் குழம்பு வைக்க முடியாதே, எல்லாம் சுட்ட கறிதானா?

பதில்: குழி தோண்டி அதில் தோலை விரித்துத் தண்ணீர் ஊற்றி, நெருப்பில் பழுத்த கற்களை ஒவ்வொன்றாகப் போட்டால் தண்ணீர் கொதிக்கும். கல் ஆறியதும் எடுத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். எல்லாக் கல்லும் ஆகாது, ஈரம் ஊறிய ஆற்றுக்கல் நெருப்பில் வெடித்துத் தெறிக்கும், எந்தக் கல் வெடிக்காது என்று தெரிந்த பாட்டி ஒருத்தி ஊரில் கட்டாயம் இருந்திருப்பாள். பானையே வேண்டுமென்றாலும் வைத்துக்கொள்ளலாம், சீனாவின் சியான்ரன்டோங் குகையில் 20,000 ஆண்டுப் பழைய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. உழவுக்கு முன்பே பானை வந்துவிட்டது.

கேள்வி: கதையில் ஒருவரைக் கறியால் கொல்ல வேண்டும். விஷம் கலக்காமல் முடியுமா?

பதில்: இப்படிக் கேட்பவர்தான் நல்ல வாசகர். ஈரலைப் பயன்படுத்துங்கள். வெள்ளைக்கரடி, சீல், துருவ நாய் ஆகியவற்றின் ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கும், தின்றால் தோல் உரியும், தலைவலி, வாந்தி, அதிகமானால் சாவு. துருவப் பகுதி மக்கள் வெள்ளைக்கரடி ஈரலைத் தொடமாட்டார்கள். 1913-இல் அண்டார்க்டிகாவில் சேவியர் மெர்ட்ஸ் செத்துப்போனதற்கு, பட்டினியில் இழுவை நாய்களின் ஈரலைத் தின்றது காரணம் என்று பலர் கருதுகிறார்கள். உங்கள் ஊர் வெப்பமான இடம் என்றால் கரடி அல்லது காட்டுப்பன்றிக் கறியை அரைவேக்காட்டில் கொடுங்கள், அதில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம், தசைக்குள் போய்க் குடியேறும். காயவைத்தாலோ புகைபோட்டாலோ அது சாகும் என்று நம்ப முடியாது, நன்றாக வேகவைத்தால்தான் சாகும். என்ன, கொலை மெதுவாக நடக்கும், சாட்சியும் இருக்காது.

கேள்வி: திருவிழாவில் தலைவிக்கு எந்தத் துண்டு?

பதில்: சினிமாவில் பெரிய தொடையைக் கொடுப்பார்கள். கொழுப்பைப் பற்றி மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் நாக்கு, நெஞ்சுக்கறி, முதுகுக் கொழுப்பு, மஜ்ஜை எலும்பு இவைதான் மரியாதைத் துண்டுகளாக இருக்க நியாயம், தொடைக்கறி காயவைக்கப் போகும்.

விருந்துக்கு ஒரு நிஜ மாதிரி, உங்கள் கதையின் காலத்திலேயே இருக்கிறது. இஸ்ரேலின் கலிலேயப் பகுதியில் ஹிலாசோன் தக்டிட் குகையில் 12,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு வயதான பெண்ணைப் புதைத்திருக்கிறார்கள். கூடவே 50-க்கு மேற்பட்ட ஆமை ஓடுகள், கழுகுச் சிறகு, சிறுத்தையின் இடுப்பெலும்பு, அரோக்ஸின் வால். அந்தக் குகையில் நடந்த விருந்தில் குறைந்தது 71 ஆமைகளையும் மூன்று அரோக்ஸையும் தின்றிருக்கிறார்கள். மூன்று காட்டு மாடு என்றால் எவ்வளவு கறி! ஆமைகளை ஒரே நாளில் பிடித்திருக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து உயிரோடு வைத்திருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன், ஆமை தீனி இல்லாமல் நாள்கணக்கில் தாங்கும், உயிரோடு இருப்பதால் கெடாது. தலைவியின் சாவுக்கு இப்படி ஒரு விருந்து வைத்துப் பாருங்கள்.

பங்கு போடுகிற விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். கலகாரிப் பாலைவனத்து சான் மக்களிடையே விலங்கை அடித்தவனுக்குக் கறி சொந்தமில்லை, முதலில் தைத்த அம்பு யாருடையதோ அவருக்குத்தான் பங்கு போடும் உரிமை, அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதால் வேட்டைக்கே போகாத கிழவருக்கும் பெண்ணுக்கும் அந்த உரிமை வந்துவிடும். கொழுத்த விலங்கைக் கொண்டுவந்தவனைப் பார்த்து 'இந்த எலும்புக்கூட்டுக்கா எங்களைக் கூப்பிட்டாய்' என்று கிண்டல் வேறு செய்வார்கள், தலைக்கனம் ஏறாமல் இருக்க. உங்கள் ஊரில் இந்த வழக்கம் எப்போது உடைந்து தலைவி வீட்டுக்குத் தனிப் பங்கு போகத் தொடங்கியது என்பதுதான் உங்கள் நாவலே என்று நான் சொல்வேன்.

கேள்வி: இப்படித் தின்றுகொண்டே இருந்தால் விலங்குகள் தீர்ந்துபோகாதா?

பதில்: தீர்ந்திருக்கின்றன. நியூசிலாந்தில் மனிதர்கள் குடியேறி 200 ஆண்டுக்குள் மோவா என்ற பறக்காத பெரும் பறவை இனம் முழுக்க ஒழிந்துவிட்டது. மத்தியதரைக்கடல் ஓரத்து வாழிடங்களில் இதை ஆமையை வைத்தே அளக்கிறார்கள்: ஆட்கள் பெருகியதும் ஆமைகளின் அளவு சிறுத்துக்கொண்டே போகிறது, வளர விடாமல் பிடித்துவிடுகிறார்கள், அப்புறம் வேகமாக ஓடினாலும் வேகமாகக் குட்டிபோடுகிற முயலுக்கும் கௌதாரிக்கும் மாறுகிறார்கள். உங்கள் ஊர்க் குப்பைமேட்டில் அடியில் பெரிய ஆமை ஓடு, மேலே போகப் போகச் சின்னது, அதற்கும் மேலே முயல் எலும்பு என்று அடுக்கிவிட்டால் ஊரின் வரலாற்றை ஒரு பக்கத்தில் சொல்லிவிடலாம்.

கேள்வி: அதெல்லாம் சரி, மாமூத் கறி ருசி எப்படி இருக்கும்? யாராவது தின்றிருக்கிறார்களா?

பதில்: தின்றோம் என்று பீற்றியவர்கள் உண்டு. 1951-இல் நியூயார்க்கில் சாகசப் பயணிகள் சங்கம் ஒன்று நடத்திய விருந்தில் மாமூத் கறி பரிமாறினார்கள் என்று பேச்சு. ஒரு துண்டு மட்டும் பாட்டிலில் பத்திரமாக இருந்தது, அதைப் பல பத்தாண்டுகள் கழித்து மரபணுச் சோதனை செய்து 2016-இல் முடிவைச் சொன்னார்கள்: பச்சைக் கடலாமை. 2023-இல் ஒரு ஆஸ்திரேலிய நிறுவனம் மாமூத்தின் ஒரு மரபணுவை ஆட்டுச் செல்லில் சேர்த்து வளர்த்து ஒரு பெரிய கறி உருண்டை செய்து காட்டியது, அதை யாரும் வாயில் வைக்கவில்லை. மாமூத் இல்லாவிட்டாலும் அந்தக் காலத்துக் கறியை நிஜமாகத் தின்றவர் என்றால் அலாஸ்காவின் தொல்லுயிரியலாளர் டேல் கத்ரி. 1979-இல் உறைமண்ணிலிருந்து கிடைத்த காட்டெருமை ஒன்றின் கழுத்துக் கறியில் ஒரு துண்டை எடுத்து, காய்கறி போட்டுக் குழம்பு வைத்து நண்பர்களோடு சாப்பிட்டார். கறிக்குக் குறைந்தது 36,000 வயது, கொஞ்சம் மண்வாசனை அடித்ததாம், யாருக்கும் வயிறு கெடவில்லை.